பலா மரத்தடியில் படித்த இரண்டு பாஷை

போன வாரம் எதிர்வீட்டுக்காரர் குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போய்விட்டு வந்தார். திரும்பி வந்ததும் எங்களுக்கும் ஒரு பங்கு என்று செய்தித்தாளில் பொட்டலம் கட்டி மிளகு கொண்டுவந்து கொடுத்தார். அருவியில் குளித்தது, வளைவுக்கு வளைவு பையன் வாந்தி எடுத்தது, வழியில் ஒரு பலா மரத்தடியில் காய்ச்சல் சாமி என்று ஏதோ ஒரு சாமியைக் கும்பிட்டது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பூசாரி சொன்ன மந்திரம் வடமொழியிலும் சேர்த்தியில்லை, தமிழிலும் சேர்த்தியில்லை, பையன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டான் என்றார். நான் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்துகொண்டிருந்தேன். அதனால் அவர் சொன்னதில் பாதி அப்போது காதில் ஏறவில்லை.

நல்ல மிளகை முகர்ந்தால் எனக்குக் கூடவே கருவாட்டு வாசனையும் வரும். வீட்டில் சொன்னால் மூக்கை டாக்டரிடம் காட்டச் சொல்கிறார்கள். மூக்கில் கோளாறு ஒன்றும் இல்லை. நான் முதன்முதலில் மூட்டை மூட்டையாக மிளகைப் பார்த்தது காதர் ராவுத்தரிடம். அவர் சேந்தமங்கலத்திலிருந்து உப்பும் கருவாடும் சாக்கில் கட்டி மலைக்குக் கொண்டுவருவார். அதே சாக்கில் மிளகைக் கட்டிக்கொண்டு இறங்குவார். அதை வாங்கித் தின்ற சீமான்கள் யாரோ, அவர்களுக்கும் இந்த வாசனை தெரிந்திருக்கும்.

அப்போது நான் மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்தில் சின்ன ரைட்டர். யுத்த காலம். எனக்குச் சொந்த ஊர் அடிவாரத்து முள்ளுக்குறிச்சி. ராசிபுரத்தில் நாலாம் பாரம் வரை படித்தவன் என்பதால் ஊரில் எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று பெயர். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. தோட்டத்தில் என் வேலை, பெரிய ரைட்டர் எழுதும் இங்கிலீஷ் கடிதங்களை அழகான கையெழுத்தில் நகல் எடுப்பது. படி எடுத்துப் படி எடுத்து, 'ஐ பெக் டு சப்மிட்' என்பது கை தானாக எழுதும் அளவுக்கு வந்துவிட்டது. வாய் மட்டும் அதற்கு இணங்கவில்லை. துரையிடம் பேசுகிற வேலை எல்லாம் பெரிய ரைட்டருடையது. நான் துரையைப் பார்த்தால் மரத்துக்குப் பின்னால் போய்விடுவேன்.

எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. பஸ்ரா போக வேண்டும். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பட்டாளத்துச் சாமான் கிடங்கில் குமாஸ்தாவாக அங்கே போய், லீவில் வந்தபோது கையில் கடிகாரமும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக வந்தார். அரபி நாலு வார்த்தை தெரிந்தால் போதும், அங்கே ராஜா மாதிரி இருக்கலாம் என்று அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். மலையிலோ அட்டைக் கடியும் குளிர்காய்ச்சலும்தான். அரபிக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கருவாட்டு வாசனையோடு காதர் வந்தார். ராவுத்தர் என்றால் அரபி தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன். அவரும் என்னைப் பார்த்து, ரைட்டர் என்றால் இங்கிலீஷ் தெரியாமலா இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

காதருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஒல்லியான ஆள், பேச்சு மெதுவாக வரும். அவருக்கு முன்னால் அவருடைய அத்தாதான், அதாவது அப்பாதான், மலைக்கு உப்பு கொண்டுவந்தவர். மலைக்காரர்கள் அவரைப் பெரிய ராவுத்தர் என்பார்கள். ஒரு மழைக்காலத்தில் மேலே வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு, குண்டனி நாட்டுப் பாதையோரம் ஒரு பலா மரத்தடியிலேயே கண்ணை மூடிவிட்டார். வழுக்குகிற பாறைச் சரிவில் உடலைத் தூக்கிக்கொண்டு இறங்க வழியில்லை. உப்பு தந்த மனிதர் என்று மலைக்காரர்களே குழி வெட்டிக் கொடுத்தார்கள். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, இரண்டு மீசான் கற்கள். அவ்வளவுதான் அந்த கபர். காதர் மலைக்கு வருகிற வாரமெல்லாம் அந்தி சாயும் நேரத்தில் அங்கே நின்று ஓதிவிட்டுப் போவார்.

அந்தச் சரிவில் துரை புதிதாகக் காப்பி வைக்க முடிவு செய்தார். பெரிய ரைட்டர் கயிறு பிடித்து வரிசையாக முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனார். ஒரு குச்சி சரியாக இரண்டு மீசான் கற்களுக்கும் நடுவில் இறங்கிவிட்டது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, கயிறு அப்படிப் போயிற்று. அடுத்த மழைக்கு முன்னால் குச்சி இருக்கிற இடத்தில் எல்லாம் குழி வெட்டுவார்கள்.

காதர் அந்தக் குச்சியைப் பிடுங்கவில்லை. என்னிடம் வந்தார்.

"ரைட்டரே, எனக்கு இங்கிலீசு பேசோணுங்க. தொரைகிட்ட நானே என்ற வாயால கேக்கோணும்."

பெரிய ரைட்டரிடம் சொன்னால் அவர் சொல்ல மாட்டாரா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. துரை பெட்டிஷன் கேட்கிற நாளில் நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு மலைக்காரர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளை மாடு கன்று எல்லாவற்றையும் சொல்லி அழுது முடிப்பார். பெரிய ரைட்டர் துரையின் பக்கம் திரும்பி இரண்டே வார்த்தை சொல்வார். துரையும் ஒரு வார்த்தை சொல்வார். பெட்டிஷன் முடிந்துவிடும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. அத்தாவின் கபரை அந்த இரண்டு வார்த்தைக்குள் அடக்கக் காதருக்கு மனம் வரவில்லை.

நான் இங்கிலீஷ் சொல்லித் தருவது, அவர் அரபி சொல்லித் தருவது என்று பேசி முடித்தோம். எங்கே உட்காருவது என்ற கேள்வி வந்தது. ஆபீசில் பெரிய ரைட்டர் இருப்பார். கூலி ஆட்கள் குடியிருந்த லயத்தில் அடுப்புப் புகை. கடைசியில் கபருக்குப் பக்கத்திலிருந்த பாறைதான் தோதுப்பட்டது. அவர் எப்படியும் அந்திக்கு அங்கே வருகிறவர். நானும் வேலை முடிந்து போய்விடுவேன். ஓதி முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்காருவார். அப்புறம் அவர் ஒரு பாட்டம், நான் ஒரு பாட்டம்.

குருடனுக்குக் குருடன் வழி காட்டிய கதை அது. அலிப், பே, தே என்று அவர் ராகமாகச் சொல்ல, நான் திருப்பிச் சொல்வேன். முதலில் எழுதக் கற்றுக்கொடுத்த சொல் அவர் அத்தாவின் பெயர், யூசுப். மண்ணில் குச்சியால் வலமிருந்து இடமாக எழுதிக் காட்டினார். முதல் எழுத்துக்குக் கீழே இரண்டு புள்ளி, பிறகு வாலைத் தொங்கவிட்ட ஒரு சுழி, மூன்று பல், கடைசியில் தலையில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு நீளமாகப் படுத்த எழுத்து. என் கை இடப்பக்கத்திலிருந்தே கிளம்பும். அவர் பொறுமையாக என் மணிக்கட்டைப் பிடித்து வலப்பக்கம் கொண்டுபோய் வைப்பார். அந்தப் பெயர் வசப்படவே எனக்குப் பல வாரம் ஆயிற்று.

எழுத்துகள் பிடிபட்ட பிறகு அவர் முழு வாக்கியமாக எழுதிப் போட்டார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். படிக்கப் படிக்க அர்த்தமும் புரிந்தது. உப்பு வந்திருக்கிறது, மழை வரும்போல் இருக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அரபி இத்தனை சுலபமா, அல்லது நான் அத்தனை கெட்டிக்காரனா? பஸ்ராவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடக்கிற நினைப்பிலேயே இரண்டு வாரம் போயிற்று. அப்புறம் ஒருநாள் சந்தேகம் வந்து கேட்டேன். காதர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். அது தமிழ்தான், அரபி எழுத்தில் எழுதியிருக்கிறது, எங்கள் வீட்டுப் பெண்டுபிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் எழுதுவார்கள் என்றார். அப்படியானால் அரபி பேசத் தெரியாதா என்றேன். ஓதத் தெரியும், பேச யார் இருக்கிறார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். 

என் இங்கிலீஷும் அதே லட்சணம்தான். அப்பா என்பதற்கு ஒரு வார்த்தை, மரத்துக்கு ஒரு வார்த்தை என்று சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தது கடிதம். ஆகையால் ஒரு கடிதத்தையே அவர் வாயில் ஏற்றினேன். "ஆனர்டு சார், ஐ மோஸ்ட் ஹம்ப்ளி பெக் டு சப்மிட்" என்று தொடங்கி, "மை ஃபாதர் இஸ் ஸ்லீப்பிங் அண்டர் திஸ் ட்ரீ, கைண்ட்லி டு நாட் டிஸ்டர்ப்" என்று முடியும். அதைக் காதர் ஓதுகிற ராகத்திலேயே சொல்வார். வேண்டாம், சாதாரணமாகச் சொல்லுங்கள் என்று நான் சொன்னாலும் ராகம் போகாது. மனப்பாடம் என்றால் அவருக்கு ராகத்தோடு வருவதுதான். பாடம் முடிந்து கிளம்பும்போது, கடிதத்தின் கடைசியில் வரும் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி"யைச் சொல்லிவிட்டுப் போவார். விடைபெறுவதற்கு இங்கிலீஷில் அதுதான் வார்த்தை என்று நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேனோ என்னவோ, திருத்தவில்லை.

இன்னொரு குழப்பமும் அப்போது நடந்தது. நான் பாறைக்குப் போகும்போது மீசான் கல்லின் பக்கத்தில் இலையில் இரண்டு வாழைப்பழம் இருக்கும். ஒருநாள் சொட்டச் சொட்ட ஒரு துண்டுத் தேனடை. ஒருநாள் பலாச்சுளை. காதர் எனக்காகக் கொண்டுவந்திருக்கிறார், வாயால் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்து எடுத்துத் தின்பேன். பாதியை அவருக்கு நீட்டுவேன். நான் அவருக்காகக் கொண்டுவந்தேன் என்று நினைத்து அவரும் மறுக்காமல் தின்பார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து நன்றியோடு சிரித்துக்கொள்வோம். தினைக்காட்டிலிருந்து திரும்பும் பெண்கள் பாதையில் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். இளைப்பாறுகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

துரை வரும் நாளும் வந்தது. பெரிய ரைட்டர் காய்ச்சலில் படுத்திருந்தார், அது எங்கள் அதிர்ஷ்டம் என்று எண்ணினோம். துரை மட்டக்குதிரையில் சரிவைப் பார்க்க வந்தார். நான் அன்றைக்கு மரத்துக்குப் பின்னால் போகவில்லை, காதரின் பக்கத்திலேயே நின்றேன். காதர் சலாம் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஆனர்டு சாரில் தொடங்கி டிஸ்டர்ப் வரை ராகத்தோடு சொல்லி முடித்தார். ஒரு வார்த்தை விடவில்லை.

துரை தொப்பியைக் கழற்றினார். மரத்தடியைப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் பேசத் தொடங்கினார். கோபமாகத் தெரியவில்லை, அன்பாகத்தான் பேசினார் என்று நினைக்கிறேன். ஆனால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அறிந்த இங்கிலீஷ் காகிதத்தில் நின்று நிதானமாக இருப்பது. இவர் வாயில் அது தண்ணீராக ஓடியது. கடைசியில் ஏதோ ஒரு கேள்வி கேட்டு, என் முகத்தைப் பார்த்து நின்றார்.  "யெஸ் சார்" என்றேன். துரை தலையை ஆட்டிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"என்ன கேட்டாருங்க?" என்றார் காதர்.

தெரியவில்லை என்றேன். அவர் குச்சியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, நீங்கள் யெஸ் சொன்னது குழியைத் தள்ளி வெட்டச் சொல்லட்டுமா என்பதற்கா, இல்லை இங்கேயே வெட்டச் சொல்லட்டுமா என்பதற்கா என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு வேதனையாக இருந்தது. எதற்கு யெஸ் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கும் மறுநாளும் போய்ப் பார்த்தோம். குச்சி அங்கேயேதான் இருந்தது.

குழி வெட்டும் நாளில் காதர் உப்புச் சாக்கைக்கூட இறக்காமல் நேராக மரத்தடிக்கு வந்துவிட்டார். மேஸ்திரி வெள்ளையன் தன் மலைக்கார ஆட்களோடு கீழிருந்து வரிசையாக வெட்டிக்கொண்டே மேலே ஏறிவந்தார். பெரிய ரைட்டர் தேறி எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். நான் குழிகளை எண்ணி எழுதுகிறவன், ஆனால் எண்ணிக்கை எங்கேயோ தவறிப்போயிருந்தது. என் கண் முழுக்க அந்தக் குச்சிமேல். பலா மரம் வந்ததும் ஆட்கள் ஒவ்வொருவராக மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள்.  பெரிய ரைட்டர் என்ன என்று அதட்டினார்.

வெள்ளையன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அங்க பூசை நடக்குதுங்க சாமி. ரெண்டு பேரும் அந்தியானா ஒக்காந்து கூப்பிடறாங்க. ஒருத்தரு தொரை பாசையில கூப்பிடறாரு, ஒருத்தரு அவுங்க பாசையில கூப்பிடறாரு. வச்ச படையல அவுங்களே எடுத்து உங்கறாங்க. இந்த வருசம் எங்க ஊட்டுப் புள்ளைக ஒண்ணுக்கும் காச்ச வரலீங்க. அந்த எடத்துல நாங்க எப்புடிங்க மம்முட்டி வெக்கறது?"

எனக்கு அப்போதுதான் வாழைப்பழம் விளங்கியது.  பெரிய ரைட்டர் என்னைப் பார்த்தார். சிரிப்பதா முறைப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. என் சம்பளத்தில் ஒரு பூசாரியையும் சேர்த்து வைத்திருக்கிறோம் என்று அவர் நினைத்திருக்கவே முடியாது. அவர் காதரின் பக்கம் திரும்பினார்.

"ஏன்யா ராவுத்தரே, நீ சொல்லு. இங்க பூசையா பண்றீங்க?"

நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? படைத்தவனைத் தவிர யாரையும் கும்பிடக் கூடாது என்பது காதர் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது. பெற்ற அத்தாவானாலும் சரி, அவருக்காக இறைவனிடம் கேட்கலாமே ஒழிய அவரிடம் கேட்கக் கூடாது. இல்லை, பாடம்தான் படிக்கிறோம் என்று உண்மையைச் சொன்னால் ஆட்கள் மண்வெட்டியை எடுத்துவிடுவார்கள். ஆமாம் என்று சொன்னால் கபர் பிழைக்கும், ஆனால் அத்தா சாமியாகிவிடுவார்.  அவர் என்னைப் பார்த்தார். நான் வெள்ளையனைப் பார்த்தேன். காதரின் உதடு இரண்டு மூன்று தரம் அசைந்து நின்றது.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "ஆனர்டு சார், ஐ மோஸ்ட் ஹம்ப்ளி பெக் டு சப்மிட்" என்று ஆரம்பித்துவிட்டார். பெரிய ரைட்டரிடம்தான் சொன்னார், அதே ராகத்தில். மை ஃபாதர் இஸ் ஸ்லீப்பிங் என்று வருகிற இடத்தில் குரல் உடைந்தது. மலைக்காரர்கள் அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பெரிய ரைட்டர் வாயைத் திறந்தபடி நின்றார், அவருக்கு மட்டும் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்திருக்கும். காதர் டிஸ்டர்ப் வரை சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தார். பெரிய ரைட்டர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுற்றிக்கொண்டு போய்த் தொலையுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். வெள்ளையன் குனிந்து அந்தக் குச்சியைப் பிடுங்கினார். அன்று காப்பிக் குழி வரிசை பலா மரத்தை ஒட்டி வளைந்து போயிற்று.

அது சமயோசிதமா, பயமா என்று பிற்பாடு கேட்டேன். வாயில் வேறு ஒன்றும் வரவில்லை என்றார். நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வாரம் காதர் வந்தபோது மீசான் கற்கள் இரண்டும் மஞ்சளும் குங்குமமுமாக இருந்தன. ஒரு மண்விளக்கு எரிந்தது. பக்கத்தில் கோழி இறகு. பாதையில் நின்றிருந்த பெண்கள், சாமி பெற்ற மகன் என்று காதரின் காலில் விழ வந்தார்கள். அவர் பதறிப் பின்னால் போய் முள்ளில் மாட்டிக்கொண்டார். பாறையில் உட்கார முடியாது, உட்கார்ந்தால் கூட்டம் கூடிவிடும். எங்கள் பாடம் அதோடு நின்றது. தள்ளி, பாதையின் திருப்பத்தில் நின்றுதான் அவர் ஓத வேண்டியிருந்தது. ஓதிவிட்டு என்னிடம் வந்தார்.

"எங்கத்தாவக் காப்பாத்திக் குடுத்தாங்களா, எங்கிட்டருந்து எடுத்துக்கிட்டாங்களானு புரியலீங்க ரைட்டரே."

வெள்ளையனிடம் சொல்லிப் பார்க்கலாமா என்றேன். சொன்னால் கேட்பவர்தான் அவர். எதைச் சொல்வது? மஞ்சள் போடாதே என்பதா? மஞ்சள் போனால் மண்வெட்டி வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். காதர் சாக்கைத் தூக்கிக்கொண்டார். போகும்போது யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி சொல்ல மறக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் சாமியின் படையலை அத்தனை நாள் தின்றவனுக்கே வந்தது பாருங்கள். டோலி கட்டி முள்ளுக்குறிச்சிக்கு இறக்கினார்கள். பிறகு நான் மலைக்கும் போகவில்லை, பஸ்ராவுக்கும் போகவில்லை. எழுந்து நடமாடத் தொடங்கிய சமயத்தில் காதர் ஒருதரம் வீடு தேடி வந்தார், கையில் கருவாட்டுப் பொட்டலம். எங்கள் வீட்டில் கருவாடு சேராது, அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கி வைத்தாள். தோழர்கள் இரண்டு பேரும் வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். இப்போது மலைக்கு வேறு பாதையில் போவதாகச் சொன்னார். அத்தாவுக்கு வீட்டிலிருந்தே ஓதிக்கொள்வதாகவும் சொன்னார். அவர் சொல்லும்போது முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

இதெல்லாம் நினைவுக்கு வந்து மிளகுப் பொட்டலத்தை மூடிவைத்த பிறகுதான், எதிர்வீட்டுக்காரர் சொன்ன மீதிப் பாதி எனக்கு உறைத்தது. பலா மரத்தடி. காய்ச்சல் சாமி. புரியாத மந்திரம். அன்றைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இந்த வயதில் அந்த வளைவுகளில் என்ன வேலை என்று வீட்டில் தடுத்தார்கள். நேற்று போய்விட்டு வந்தேன்.

காளப்பநாயக்கன்பட்டியில் டீ குடித்துவிட்டுப் பஸ்ஸில் உட்கார்ந்தால் மலைமேல் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். நாங்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறிய பாதை எது என்று கேட்டால் கண்டக்டருக்குத் தெரியவில்லை. துரை பங்களா இருந்த இடத்தில் மரவள்ளி. ஆபீஸ் இருந்த இடத்தை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய பலா மரம் விழுந்து, அதன் தூரிலிருந்து கிளம்பிய மரம் நிற்கிறது. தகரக் கூரை போட்டு, முன்னால் ஒரு சூலம் நட்டிருக்கிறார்கள். உள்ளே இரண்டு கற்கள். மஞ்சள் ஏறி ஏறித் தடித்துப்போய், மனித உருவம் மாதிரி ஆகிவிட்டிருந்தன.

பூசாரி இளவயதுக்காரர். கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு கண்ணை மூடினார். "ஆனாட்டு சாரே, மோசு தம்பிலி பெக்கு" என்று அந்த ராகத்திலேயே தொடங்கினார். அலிப், பே, தே நடுவில் வந்தது. நான் தடுமாறித் திருப்பிச் சொன்னபோது எங்கே நிறுத்தினேனோ, அந்த இடத்தில் அவரும் நிறுத்தினார். கடைசியில், "கைன்லி டூ நாட்டு டிஸ்டப்பு" என்று சொல்லித் தட்டைச் சுற்றினார். சிரிப்பு வரும் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அழுகை வந்துவிட்டது. பூசாரி அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு திருநீறு நிறையவே கொடுத்தார்.

இந்த மந்திரத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். சாமிக்குப் புரியுமுங்க என்றார். சாமிக்குப் பெயர் என்ன என்று கேட்டேன். காய்ச்சல் சாமி, வேறு பெயர் கிடையாது, தாத்தன் காலத்திலிருந்தே இப்படித்தான் என்றார். ராவுத்தர் என்று யாரும் சொல்ல மாட்டார்களா என்று கேட்டேன்.

"ராவுத்தருங்களா? அது யாருங்க?"

காதர் இருந்தால் சொல்லியிருப்பார். வெள்ளையன் இருந்தால் சொல்லியிருப்பார். துரை போய், பெரிய ரைட்டர் போய், உப்பு சுமந்துவந்த காலம் போய், கடைசியில் அந்தப் பெயர் என் ஒருவனிடம் வந்து ஒதுங்கியிருக்கிறது. அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு குச்சியை எடுத்தேன். அரபி எழுத்து எல்லாம் எனக்கு எப்போதோ மறந்துவிட்டது. கல்லுக்கு முன்னால் ஈர மண்ணில் குனிந்து உட்கார்ந்ததும், யாரோ மணிக்கட்டைப் பிடித்தாற்போல் கை வலப்பக்கம் போயிற்று. கீழே இரண்டு புள்ளி, தொங்கும் வால், மூன்று பல், நீளமாகப் படுத்த எழுத்து, அதன் தலையில் ஒரு புள்ளி. யூசுப்.

பூசாரி பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க. இது என்ன கோலமுங்க, புள்ளி கொஞ்சமா வச்சிருக்கீங்க?"

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மஞ்சள் பொடிக் கிண்ணத்தை இழுத்து, நான் வலமிருந்து எழுதியதை இடமிருந்து நிரப்பிக்கொண்டு வந்தார். தடுப்பதா, விட்டுவிடுவதா? காதர் பட்ட பாடு எனக்கு நேற்றுத்தான் முழுதாகப் புரிந்தது. கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் மூன்று புள்ளிகளையும் மறக்காமல் நிரப்பினார்.